மண்ணுக்குள்ள ஒரு மாடு நிக்குது

எங்க பக்கத்துல மண்ணுக்கு ரெண்டு விலை இருக்கு. ஒண்ணு சென்ட் கணக்கு, இன்னொண்ணு லோடு கணக்கு. ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஒரகடம் வரைக்கும் எந்த டீக்கடையில் கேட்டாலும் இந்த இரண்டு விலையையும் சொல்லிவிடுவார்கள். மனை போடுகிறவருக்கு மண் என்றால் பரப்பளவு. பள்ளம் நிரப்புகிறவருக்கு மண் என்றால் டிப்பர் லாரியின் கொள்ளளவு. அந்த மண்ணில் உயிரோடு இருப்பது எவ்வளவு, அது என்ன வேலை செய்கிறது, அதற்கு என்ன விலை என்று யாரும் பேசுவதில்லை. உழவர்கள் நாம்தான் அதைப் பேச வேண்டும்.

இந்த வட்டாரம் மாறிய கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைபேசி ஆலை வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான். பிறகு வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று சிப்காட் வளாகங்கள் நீண்டுகொண்டே போயின. நடுவில் 2014இல் நோக்கியா ஆலை மூடப்பட்டது. எட்டே வருடத்தில் ஒரு பெரிய ஆலை வந்ததையும் போனதையும் பார்த்த ஊர்கள் இவை. ஆலைகளுக்கு நடுவில் ஏரிகள் இன்னும் இருக்கின்றன. ஏரிக்குக் கீழே கொஞ்சம் கழனியும் இருக்கிறது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம் பார்த்த கழனிகளில் பல இப்போது ஒரு பட்டம்கூடப் பார்ப்பதில்லை. விலை ஏறட்டும் என்று சும்மா கிடக்கின்றன.

நான் அப்படிக் கிடந்த மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து இயற்கை முறையில் பயிர் வைக்கிறேன். நிலத்துக்காரர் எங்கள் ஊர்ப் பெரியவர். அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். போன தை மாதம் வரப்பில் வந்து நின்றவர் கேட்டார்:

"ஏம்பா, நாளைக்கே நல்ல விலை வந்தா நான் குடுத்துடுவேன். அது உனக்கே தெரியும். விக்கப்போற நிலத்துக்கு எதுக்குப்பா இவ்ளோ எரு அடிக்கிற?"

நியாயமான கேள்வி. இந்தப் பகுதியில் குத்தகைக்கு உழுகிற ஒவ்வொருவர் முன்னாலும் இந்தக் கேள்வி நிற்கிறது. சொந்த நிலம் வைத்திருப்பவர்களிலும் பாதிப் பேர் மனசுக்குள் இதைத்தான் கேட்டுக்கொள்கிறார்கள். இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், எரு போய்ச் சேருகிற வாய் எது, அது எத்தனை நாளில் கூலி கொடுக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த வாய் பாக்டீரியாவுடையது.

பீரோ இல்லாத வீடு

நம் உடம்பின் செல், வாழை இலையின் செல், காளானின் செல் எல்லாவற்றிலும் நடுவில் உட்கரு என்று ஓர் அறை உண்டு. மரபுப் பொருள் அந்த அறைக்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். வீட்டுப் பத்திரத்தைப் பீரோவில் வைப்பது போல. பாக்டீரியாவுக்கு அந்த அறை கிடையாது. ஒரே ஒரு செல்தான் உடம்பு. மரபுப் பொருள் பெரும்பாலும் ஒரு வளையமாகச் செல்லுக்குள்ளேயே திறந்து கிடக்கும். இப்படி உட்கரு இல்லாத உயிர்களைப் புரோகேரியோட்டுகள் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். இதில் பாக்டீரியா ஒரு பெருங்குலம், ஆர்க்கியா இன்னொரு பெருங்குலம். ஆர்க்கியா தனிக் குலம் என்பதை 1977இல்தான் அமெரிக்க விஞ்ஞானி கார்ல் வோஸும் அவர் குழுவினரும் எடுத்துக் காட்டினார்கள். மாட்டின் இரைப்பையிலும், சாண எரிவாயுக் கலனிலும், தண்ணீர் நிற்கும் நெல் கழனியிலும் மீத்தேன் உண்டாக்குவது இந்த ஆர்க்கியா கூட்டம்தான்.

உட்கரு இல்லாததால் உழவனுக்கு என்ன? இரண்டு விஷயம் இருக்கிறது.

ஒன்று, வேகம். அறையைத் திறந்து, படியெடுத்து, வெளியே அனுப்பி என்ற நடைமுறை எதுவும் இல்லை. தீனி கண்ட உடனே வேலை தொடங்கிவிடும். ஆய்வகத்தில் நல்ல தீனியும் சூடும் கொடுத்தால் ஈ.கோலை என்ற பாக்டீரியா 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகிவிடும். மண்ணில் அவ்வளவு வேகம் கிடையாது. அங்கே எப்போதும் பஞ்சம். எந்த நேரத்தில் பார்த்தாலும் பெரும்பகுதி பாக்டீரியா உறங்கிக்கொண்டுதான் இருக்கும். தீனி வந்தால் எழும்.

இரண்டு, கொடுக்கல் வாங்கல். பெரிய வளையம் தவிர பிளாஸ்மிட் என்ற சின்ன வளையங்களும் பல பாக்டீரியாக்களிடம் உண்டு. அதை ஒன்று இன்னொன்றுக்குக் கொடுக்கும். அண்டை வீட்டுக்காரரிடம் விதை வாங்குவது போல. பயறு வேரில் முடிச்சுப் போடும் திறமை பல ரைசோபியங்களில் இப்படிப்பட்ட வளையத்தில்தான் இருக்கிறது. மருந்துக்குச் சாகாத திறமையும் இதே வழியில்தான் பரவுகிறது. நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒரே வாசல்.

எண்ணிக்கையையும் பார்த்துவிடுவோம். ஒரு கிராம் மண் என்பது ஒரு புளியங்கொட்டை எடை. வளமான மண்ணாக இருந்தால் அதில் பத்துக் கோடியிலிருந்து நூறு கோடிக்கு மேலும் பாக்டீரியா இருக்கும். ஒன்றின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். ஆனால் ஒரு ஏக்கரின் மேல்மண்ணில் இருக்கும் அத்தனையையும் சேர்த்து நிறுத்தால் நூற்றுக்கணக்கான கிலோ வரும். ஒரு பசுமாட்டின் எடை, நல்ல மண்ணாக இருந்தால் அதற்கும் மேலே.

அதனால் நான் என் மூன்று ஏக்கரை இப்படித்தான் பார்க்கிறேன். ஏக்கருக்கு ஒரு மாடு மண்ணுக்குள்ளே நிற்கிறது. அதற்குத் தீனி வேண்டும், தண்ணீர் வேண்டும், நிழல் வேண்டும், மூச்சு விட இடம் வேண்டும். கட்டிப்போட்டுப் பட்டினி போட்டால் படுத்துவிடும்.

மணலி ஆலையும் கழனி ஆலையும்

இந்த மாடு கறக்கும் பாலில் முக்கியமானது தழைச்சத்து. நம் தலைக்கு மேலே காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். நெல்லும் வாழையும் அதை நேரடியாக எடுக்க முடியாது. அந்த மூலக்கூறின் கட்டு அவ்வளவு இறுக்கம். அதை உடைக்க யூரியா ஆலைகளில் 400 டிகிரிக்கு மேல் சூடும், காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கு மேல் அழுத்தமும் கொடுக்கிறார்கள். ஜெர்மனியில் ஹேபர் கண்டுபிடித்து, போஷ் ஆலையாக்கி, 1913இல் உற்பத்தி தொடங்கிய முறை அது. நமக்குப் பக்கத்தில் மணலியிலும் அப்படி ஓர் ஆலை இருக்கிறது.

அதே கட்டை பாக்டீரியா நம் கழனிச் சூட்டிலேயே உடைக்கிறது. அந்தத் திறமை பாக்டீரியாவுக்கும் சில ஆர்க்கியாவுக்கும்தான் உண்டு. மரத்துக்குக் கிடையாது, விலங்குக்குக் கிடையாது, காளானுக்கும் கிடையாது. 2024இல் கடல் பாசி ஒன்றின் செல்லுக்குள் தழைச்சத்தைப் பிடிக்கும் உறுப்பு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஆராய்ந்து பார்த்தால், அதுவும் பல கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பாசி உள்ளே வாங்கிக்கொண்ட ஒரு நீலப்பச்சைப் பாக்டீரியாவின் வாரிசுதான். இலையில் இருக்கும் பசுங்கணிகமும் அப்படித்தான். ஏதோ ஒரு காலத்தில் ஒரு செல்லுக்குள் குடியேறிய பாக்டீரியாவின் வழிவந்ததே இன்று நம் நெற்பயிரில் வெயிலைச் சோறாக்குகிறது.

ஒரகடத்தில் உதிரிபாக ஆலையில் வேலை செய்யும் என் தம்பியிடம் இதைச் சொன்னபோது, "அண்ணா, இவங்களுக்கு நைட் ஷிப்ட் உண்டா?" என்று கேட்டான். மூணு ஷிப்டும் உண்டு. ஆனால் கேன்டீன் நாம் நடத்த வேண்டும். ஏனென்றால் இந்த வேலைக்கு ஏராளமான சக்தி தேவை. அந்தச் சக்தி கரிமத்தில் இருந்து வருகிறது: சர்க்கரை, மாவு, இலை, தழை, வேர்க்கசிவு. கரிமம் தீர்ந்த மண்ணில் எந்தப் பாக்டீரியாவை ஊற்றினாலும் தழைச்சத்து வராது.

இன்னொரு சங்கடம், தழைச்சத்தைப் பிடிக்கும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது. பட்டால் கெட்டுவிடும். அதற்காகப் பயறுவகைச் செடிகள் வேர் முடிச்சுக்குள் நம் ரத்தம் போன்ற ஒரு சிவப்புப் பொருளை உண்டாக்கி ஆக்சிஜனை அளந்து விடுகின்றன. இதை வைத்து நீங்களே சோதனை செய்யலாம். வேர்க்கடலையோ உளுந்தோ தக்கைப்பூண்டோ பூக்கும் சமயத்தில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுங்கள். பிடுங்கினால் முடிச்சு அறுந்துவிடும். முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. செலவில்லாத மண் பரிசோதனை இது.

முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியாவை ஹாலந்து விஞ்ஞானி பெய்ஜெரிங்க் 1888இல் தனியாகப் பிரித்தெடுத்தார். அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே நெல்லறுத்த ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளித்தவர்கள் நம் ஆட்கள். பேர்தான் தெரியாது, வேலை தெரிந்திருந்தது.

நெல் கழனியில் படரும் பாசி

ஏரிப்பாசன நெல்லுக்கு இன்னொரு உதவியாளர் உண்டு. தண்ணீர் நிற்கும் கழனியில் மேலாகப் படரும் நீலப்பச்சைப் பாசி. பேர்தான் பாசி. உட்கரு இல்லாததால் இதுவும் பாக்டீரியாக் குலம்தான். பச்சையம் இருப்பதால் வெயிலில் தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொண்டு காற்றின் தழைச்சத்தையும் பிடிக்கும். நெல் வயலின் தழைச்சத்தில் இந்தப் பாசிக்கு முக்கியப் பங்கு இருப்பதை 1939இல் பி.கே. டே என்ற வங்க விஞ்ஞானி ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். சூழல் சாதகமாக இருந்தால் ஒரு பட்டத்தில் எக்டேருக்கு 20 முதல் 30 கிலோ தழைச்சத்து இதனால் சேரும் என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் சொல்கின்றன. அசோலா இலைக்குள் குடியிருப்பதும் இந்தக் குலத்துப் பாக்டீரியாதான்.

யூரியா போட்டால் இந்தப் பாசி தழைச்சத்துப் பிடிக்கும் வேலையைக் குறைத்துவிடும். சும்மா கிடைக்கும்போது யார் உழைப்பார்கள்? களைக்கொல்லி அடித்தால் பல ரகங்கள் செத்தே போகும். பச்சையம் உள்ள எதையும் தாக்குவதற்காகச் செய்யப்பட்ட மருந்து பல களைக்கொல்லிகளில் உண்டு. பாசிக்கும் பச்சையம் உண்டு.

இங்கே எங்கள் வட்டாரத்துக்கு ஒரு நல்ல செய்தி. இந்தப் பாசிகளில் பல, காய்ந்து பொருக்காகி வருடக்கணக்கில் கிடந்தாலும் சாகாது. தண்ணீர் பட்டால் மறுபடி விரியும். பேசில்லஸ் வகைப் பாக்டீரியாக்கள் வித்தாக மாறிப் படுத்துக்கொள்ளும். பத்து வருடம் தரிசாகக் கிடந்த கழனி என்று கைவிட வேண்டாம். மேல்மண் இருந்தால், மாடு படுத்திருக்கிறதே ஒழியச் சாகவில்லை.

மேல்மண்ணை வழித்து லோடு ஏற்றிவிட்டால் கதை வேறு. பாக்டீரியாவில் பெரும்பகுதி மேலே உள்ள அரை அடியில்தான் வாழ்கிறது. கீழே போகப் போகக் கரிமமும் குறையும், உயிரும் குறையும். "மேல ஒரு அடி மட்டும் எடுத்துக்கறோம், நிலம் உங்க பேர்லதான இருக்கப் போவுது" என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். அந்த ஒரு அடிக்குக் கீழே கிடைப்பது கட்டுத்தறி மட்டும்தான். மாடு லாரியில் போயிருக்கும்.

தீனிக் கணக்கு

ஜீவாமிர்தம் பற்றி இதைப் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, கைப்பிடி வரப்பு மண். நானும் விடுகிறேன். ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு விடுங்கள்.

ஊறிய கரைசலில் ஒரு மில்லிக்கு நூறு கோடி பாக்டீரியா என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். 200 லிட்டர் என்றால் 2 லட்சம் மில்லி. ஒரு ஏக்கரின் மேல் அரை அடி மண் சுமார் 9 லட்சம் கிலோ, அதாவது 90 கோடி கிராம். நல்ல மண்ணில் கிராமுக்கு நூறு கோடி என்றால், ஊற்றுகிற பாக்டீரியா ஏற்கெனவே மண்ணில் இருப்பதில் 4,500இல் ஒரு பங்குதான். ஊர்ப் பஞ்சாயத்துக்கே புதுசாக ஒரு ஆள் குடிவந்த மாதிரி.

அப்போ கரைசல் வீணா? இல்லை. வெல்லமும் மாவும் படுத்திருப்பதைத் தட்டி எழுப்பும். எழுந்த பிறகு சாப்பிட ஏதாவது இருக்க வேண்டும். ஏக்கருக்கு 4 கிலோ வெல்லமும் மாவும் பசித்த மாட்டின் நாக்கில் வெல்லம் தடவியது போலத்தான். வைக்கோல் போர் வேறு இருக்க வேண்டும். மண்ணுக்கு வைக்கோல் போர் என்பது மூடாக்கு, பசுந்தாள், தொழு உரம், உயிருள்ள வேர் இந்த நான்கும்தான்.

இதில் உயிருள்ள வேரைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. செடி தான் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கை வேர் வழியாக மண்ணில் கசியவிடுகிறது. வேரைச் சுற்றிய அந்த மெல்லிய பகுதியில்தான் பாக்டீரியா நெருக்கியடித்துக் குடியிருக்கும். 1904இலேயே ஜெர்மானியர் ஹில்ட்னர் இந்தப் பகுதிக்கு ரைசோஸ்பியர் என்று பெயர் வைத்துவிட்டார். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா எல்லாம் இங்கேதான் பிழைக்கின்றன. ஆகவே கழனி வெறுமனே கிடக்கும் ஒவ்வொரு மாதமும் கேன்டீன் மூடியிருக்கும் மாதம். இரண்டு பட்டத்துக்கு நடுவில் எதையாவது தெளித்துவிடுங்கள். விதை கிடைக்கவில்லையா, வந்த புல்லையாவது விட்டுவைத்து, பூக்கும் முன் மடக்கி உழுங்கள்.

வைக்கோலை மடக்கி உழுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. பாக்டீரியா தன் உடம்பைக் கட்ட ஐந்து முதல் எட்டுப் பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து கேட்கும். வைக்கோலில் அறுபது, எழுபது பங்கு கரிமத்துக்கு ஒரு பங்குதான் தழைச்சத்து. பற்றாத தழைச்சத்தை மண்ணில் இருந்து உறிஞ்சிக்கொள்ளும். அந்தச் சமயத்தில் நட்ட நாற்று வெளுத்து நிற்கும். வைக்கோலோடு பச்சைத் தழையையோ சாணத்தையோ சேருங்கள், இல்லையென்றால் நடவுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே மடக்கிவிடுங்கள். உறிஞ்சியது திரும்பி வந்துவிடும், பாக்டீரியா செத்து அழுகும்போது.

நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் நிறுத்த வேண்டியதில்லை என்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் மண்ணுக்குள் காற்றுப் போகும். மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாவுக்குக் காற்று ஆகாது, அது அடங்கும். மற்ற பாக்டீரியா எழும். ஏரித் தண்ணீரும் மிச்சம்.

பாக்கெட் வாங்கலாமா?

வாங்கலாம், எதற்கென்று தெரிந்து வாங்க வேண்டும். பல வருடம் பயறுவகையே போடாத மண்ணில் அதற்குரிய ரைசோபியம் குறைந்திருக்கும். முதல் முறை விதைநேர்த்தி செய்தால் பலன் தெரியும். ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைக்க வேண்டும். பயறுக்கு ஏற்ற ரைசோபியமா என்று பாருங்கள், எல்லா ரைசோபியமும் எல்லாப் பயறிலும் முடிச்சுப் போடாது. காலாவதி தேதியைப் பாருங்கள். கடையில் வெயில்படும் அலமாரியில் இருந்தால் வாங்காதீர்கள். அது உயிர், சிமெண்ட் மூட்டை இல்லை. ஒருமுறை மண்ணில் நிலைத்துவிட்டால் வருடா வருடம் வாங்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது.

நெல்லுக்கு அசோஸ்பைரில்லம் நாற்றின் வேரை நனைத்து நடலாம். அது வேர் வளர்ச்சியையும் தூண்டும் என்பதால் நாற்று சீக்கிரம் பச்சை பிடிக்கும். ஆனால் கரிமம் இல்லாத மண்ணில் எந்தப் பாக்கெட்டும் ஒரு மாதத்து விருந்தாளிதான்.

வயிற்றைக் கெடுப்பதும் இதே குலம்

இந்தச் சாலையில் இன்று நம் சந்தை எது? தொழிலாளர் விடுதிகளும் கேன்டீன்களும்தான். ஒரே சமையலறையில் ஆயிரம் பேருக்குச் சோறு. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் தங்கியிருந்த பெண் தொழிலாளர்கள் 150 பேருக்கு மேல் உணவு ஒவ்வாமல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும், சக தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலில் உட்கார்ந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பிள்ளைகள் நம்மைப் போன்ற உழவர் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் தட்டுக்கு நாம் அனுப்புகிற கீரையில் நோய்க்கிருமி இருக்கக் கூடாது. இயற்கை விவசாயம் என்று பேர் சொல்லும் நமக்கு அந்தப் பொறுப்பு கூடுதல்.

பச்சைச் சாணத்தில் ஈ.கோலையும் சால்மோனெல்லாவும் இருக்கலாம். அதனால் நான் பின்பற்றுவது இது. கீரை, கொத்தமல்லி, முள்ளங்கி, வெள்ளரி போன்ற பச்சையாகத் தின்கிற பயிருக்கு நன்றாக மக்கிய உரம் மட்டும். சாணக் கரைசலை இலைமேல் தெளிப்பதே இல்லை. அமெரிக்காவின் அங்கக வேளாண் விதியில், மண்ணைத் தொடும் விளைச்சலுக்குப் பச்சை எரு போட்டால் அறுவடைக்கு 120 நாள் இடைவெளி வேண்டும் என்று இருக்கிறது. நமக்கும் அது நல்ல அளவுகோல். எருக்குழியில் சூடு 55 டிகிரிக்கு மேல் சில நாள் நிற்க வேண்டும், புரட்டிவிட்டு எல்லாப் பக்கமும் அந்தச் சூடு பட வேண்டும். கை வைக்க முடியாத அந்தச் சூட்டைக் கிளப்புவதும் பாக்டீரியாதான். நல்லதை வைத்தே கெட்டதை அழிக்கிறோம். பண்ணைக் கோழி எருவை வாங்கினால் மக்க வைக்காமல் போடவே போடாதீர்கள். மருந்து தின்று வளர்ந்த கோழியின் எருவில், மருந்துக்குச் சாகாத பாக்டீரியா தன் வளையத்தோடு வரக்கூடும்.

செப்டிக் டேங்க் லாரிக்காரர் இரவில் வந்து, "கழனில வுட்டுட்டுப் போறேன், நல்ல உரம்" என்று சொல்வார். வேண்டாம் என்று சொல்லுங்கள். தொழிற்பேட்டை ஓடையைத் தொட்டு வரும் தண்ணீரையும், அப்படிப்பட்ட ஏரியின் வண்டலையும் பயன்படுத்துமுன் உப்பின் அளவும் கன உலோகமும் பரிசோதித்துவிடுங்கள். எண்ணெயையும் பல மருந்துகளையும் சிதைக்கும் பாக்டீரியா உண்டு. ஈயத்தையும் காட்மியத்தையும் எந்த உயிரும் தின்று இல்லாமல் ஆக்க முடியாது, அவை தனிமம். பயிர் வேரில் முடிச்சுப் போடும் ரைசோபியம் கன உலோகத்தால் பாதிக்கப்படும் உயிர்களில் ஒன்று. சுத்தமான ஏரியின் வண்டல் கிடைத்தால் விடாதீர்கள். விவசாயத்துக்கு வண்டல் மண்ணை விலையில்லாமல் எடுக்க அரசு அனுமதி தருகிறது, தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள்.

எத்தனை நாளில் கூலி?

இப்போது பெரியப்பாவின் கேள்விக்கு வருகிறேன். விற்கப்போகும் நிலத்துக்கு ஏன் எரு?

குத்தகை உழவன் எதையும் ஒரே மாதிரி பார்க்கக் கூடாது. எது எத்தனை நாளில் திருப்பித் தரும் என்று வரிசை போட வேண்டும். உட்கரு இல்லாத உயிருக்குத்தான் அந்த வேகம் இருக்கிறதே.

முதல் வரிசை, ஒரே பட்டத்தில் திருப்பித் தருவது. தக்கைப்பூண்டு அல்லது சணப்பு விதைத்து 45, 50 நாளில் பூக்கும்போது மடக்கினால், அடுத்து நடும் நெல்லிலேயே பலன் வந்துவிடும். நெல்லறுத்த ஈரத்தில் உளுந்து. நீலப்பச்சைப் பாசி, அசோலா. களைக்கொல்லியை நிறுத்துவது, இதற்குச் செலவே இல்லை. நிலம் அடுத்த வருடம் கைமாறினாலும் இதில் போட்டது நம் கைக்கு வந்துவிட்டிருக்கும்.

இரண்டாவது வரிசை, இரண்டு மூன்று வருடத்தில் தருவது. தொடர்ந்த மூடாக்கு, வருடா வருடம் தொழு உரம், வண்டல். இதற்குக் குறைந்தது மூன்று வருடக் குத்தகை வேண்டும்.

மூன்றாவது வரிசை, பத்து வருடம் கேட்பது. மண்ணின் கரிமத்தை நிலையாக உயர்த்துவது, வரப்பு மரங்கள். இது நிலத்துக்காரரும் சேர்ந்து போட வேண்டிய முதல்.

இந்த வரிசையைப் பெரியப்பாவிடம் அப்படியே சொன்னேன். அவர் சிரித்தார். "நீ என்னா, ஆடிட்டர் மாதிரி பேசற" என்றார். பிறகு ஒரு கைப்பிடி மண் எடுத்து மோந்து பார்த்தார். நனைந்த மண்ணின் அந்த வாசனை ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளால் வருவது. 1943இல் காசநோய்க்கு மருந்து கிடைத்ததும் அந்தக் குலத்தில் இருந்துதான். அவரிடம் இதையெல்லாம் நான் விளக்கவில்லை. அவர் சின்ன வயசில் இருந்து மோந்து பழகியவர்.

"சரி, மூணு வருசத்துக்கு எழுதிக்கலாம். நடுவுல வித்தா, நின்ன பயிருக்கும் போட்ட எருவுக்கும் கணக்குப் பண்ணிக் குடுத்துடறேன்" என்றார். இப்போது எங்கள் குத்தகைத் தாளில் அந்த வரி இருக்கிறது. எருவுக்கு ஈடு என்று ஒரு வரி. இந்தச் சாலையில் நிலத்தின் விலையில் மண்ணின் உயிரும் சேர்ந்தது, எனக்குத் தெரிந்து, அந்தத் தாளில்தான்.

குத்தகைக்கு உழுகிற நண்பர்களே, வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள். மூன்று வருடம், எருவுக்கு ஈடு, மேல்மண் எடுக்கக் கூடாது: இந்த மூன்றையும் தாளில் எழுதி வாங்குங்கள். நிலத்துக்காரர்களாக இருப்பவர்கள் நீங்களே முன்வந்து எழுதிக் கொடுங்கள். சும்மா கிடக்கிற கழனி உங்களுக்கு ஒன்றும் தரப்போவதில்லை. பயிர் நிற்கிற கழனியின் மேல்மண்ணை யாரும் ராத்திரியில் வந்து வழித்துப் போகவும் மாட்டார்கள்.

இந்தப் பட்டத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்திருக்கிறேன். நாற்பதாம் நாள் ஒரு செடியைத் தோண்டி முடிச்சைக் கிள்ளிப் பார்க்க வேண்டும். நீங்களும் உங்கள் கழனியில் கிள்ளிப் பார்த்துவிட்டு, என்ன நிறம் என்று நம் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதுங்கள்.